சாவி இல்லாத காவல்

ஈப்போவில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் கலாதேவிக்கு ஒரு வேலை உண்டு. அதை அவள் கேட்டு வாங்கவில்லை. செய்ய முடியுமா என்று அவளை யாரும் கேட்கவுமில்லை. பகலில் வீட்டில் இருக்கிறாள் என்ற ஒரே குற்றத்துக்காக அவள் தலையில் கட்டப்பட்டது. பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கியதும் பக்கத்து வீட்டு தினேஸ்வரி மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளுவாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "அக்கா, பிள்ளைங்க தூங்குதுங்க. கொஞ்சம் ஜாகா பண்ணிக்குங்க லா, கெஜாப், ஒரு நிமிஷத்துல வந்துடுறேன்" என்பாள். சொல்லிவிட்டுக் கிரில் கதவை இழுத்துச் சாத்துவாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டைப் போடுவாள். அதை இழுத்துப் பார்ப்பாள். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள்.

கலாதேவிக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனால் எதைப் பார்ப்பது, எங்கிருந்து பார்ப்பது? உள்கதவைக் காற்றுக்காகத் திறந்து வைத்திருப்பார்கள் என்பதால் கிரில் வழியாகக் கூடம் தெரியும். கூடத்தில் மெத்தை, மெத்தையில் நாலு வயது கோகிலன், அவன் காலடியில் ஒன்றரை வயதுப் பாப்பா. பின்னால் சமையலறையில் பாதி தெரியும். மிருகக்காட்சிச் சாலைக்குப் போனவள் மாதிரி வெளியில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

தினேஸ்வரி பொறுப்பில்லாதவள் என்று சொன்னால் வாய் வெந்துவிடும். புருஷன் தர்மேந்திரனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை வந்து தூங்கிவிட்டுப் போவான். மூத்த பெண்ணை ஏற்றிவந்த பள்ளி வேன்காரர் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். ஒரு மோட்டாரில் மூன்று பிள்ளைகளை ஏற்ற முடியாது. தூங்குகிற இரண்டையும் எழுப்பி உச்சி வெயிலில் இழுத்துக்கொண்டு போகவும் மனம் வராது. எல்லாம் கலாதேவிக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வாயைத் திறக்க முடியாமல் எரிச்சலை முழுங்கிக்கொண்டிருந்தாள். திட்டுவதற்கு ஒரு நியாயமாவது கிடைத்திருந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும்.

சாவியைக் கேட்டால் என்ன? கேட்க முடியாது. அடுத்த வீட்டுச் சாவியை வாய்விட்டுக் கேட்கிறவளை அந்த அடுக்குமாடியில் யாரும் நல்லவிதமாக நினைக்கமாட்டார்கள். தானாகக் கொடுத்தால் வாங்கலாம்.

பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். விடியும் முன்னே ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகிற அம்மாக்கள் கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விடுவார்கள். காய்ச்சலில் தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனமில்லை என்றால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். லயத்தின் வரிசை வீடுகளில் கதவுக்கு ஒரு கொண்டிதான், பூட்டு கிடையாது. பூட்டி வைக்கிற மாதிரி உள்ளே எதுவும் இருந்ததும் கிடையாது. பிள்ளை அழுதால் சொல்லப்பட்டவள் கொண்டியைத் தூக்கிவிட்டு உள்ளே போவாள். அதனால் அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் இருந்தது. லயத்தில் கூரை ஒழுகியது, பாம்பு வந்தது, சாராயம் ஓடியது, அதையெல்லாம் நினைத்து யாரும் ஏங்கத் தேவையில்லை. தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, ஆட்கள் கலைந்து டவுனுக்கு வந்தபோது அந்த வார்த்தையையும் கூடவே கொண்டுவந்தார்கள். டவுன் அவர்களுக்குத் திருட்டுப் பயத்தையும் இரும்புக் கதவையும் கொடுத்தது. வார்த்தையையும் விடவில்லை, பூட்டையும் விடவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஒரு நாள் தினேஸ்வரி போன கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கலாதேவி, மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து நாத்தனார் கொடுத்தனுப்பிய கருவாட்டைக் குழம்பில் போட்டு, அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை அள்ள வெளியே வந்தாள். மழை கொட்டத் தொடங்கியது. ஓர் இடி இடித்தது. பக்கத்து வீட்டில் பாப்பா வீரிட்டு அழுதது.

துணியைப் போட்டது போட்டபடி கிரில் கதவுக்கு ஓடினாள். கோகிலன் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான். பாப்பாவைப் பெரிய மனுஷன் போலப் பார்த்தான். பிறகு கலாதேவியைப் பார்த்து, பாப்பாவுக்குப் பசிக்கிறது, தான் போய்ப் பால் கலக்கப்போவதாக அறிவித்தான். அவள் வேண்டாம் என்பதற்குள் சமையலறைக்குள் போய்விட்டான்.

சமையலறை மேசை மேல் வெந்நீர் பிளாஸ்க் இருந்தது. காலையில் தினேஸ்வரி நிரப்பி வைத்தது. கோகிலன் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறுவது கலாதேவிக்குத் தெரிந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. எங்கள் கோகிலன் நல்ல பிள்ளை என்று கொஞ்சினாள். இறங்கடா என்று அதட்டினாள். ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொன்னாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கை பிளாஸ்கின் கைப்பிடியில் இருந்தது. எதிர்வீட்டுக் கதவு பூட்டியிருந்தது, அவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். மாடிக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்த மழைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. போன் அவள் வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது. அதை எடுக்கப் போகிற நேரத்தில் இவன் பிளாஸ்கைக் கவிழ்த்துவிடுவான்.

"கோகிலா, அப்பா போன் பண்ணியிருக்காருடா. ஒங்கிட்டத்தான் பேசணுமாம். ஓடி வா" என்று அடித்தொண்டையில் கத்தினாள்.

பிள்ளை பிளாஸ்கை விட்டான். முக்காலியிலிருந்து குதித்து ஓடிவந்தான். வருகிற வழியில், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, அப்பா பார்க்கணுமாம் என்று அவள் சொன்னதைக் கேட்டுப் பாப்பாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டே வந்து சேர்ந்தான். கிரில் இடைவெளியில் கையை நுழைத்து அவன் சட்டையை ஒரு கையாலும் பாப்பாவின் மணிக்கட்டை மறு கையாலும் பிடித்த பிறகுதான் கலாதேவிக்கு மூச்சு வந்தது.

"போன் எங்க, பெரியம்மா?" என்று அவன் கேட்டான்.

லைன் கட்டாகிவிட்டது, மறுபடியும் கூப்பிடுவார் என்று எதையோ உளறினாள். அவன் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான். அப்பாவைத் தேடி ஏங்குகிற பிள்ளையிடம் அப்பாவையே வைத்துப் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அப்படியே திரும்பி தினேஸ்வரி மேல் கோபமானது. ஒரு சாவி இருந்திருந்தால் இந்தப் பொய் எதற்கு? பூட்டைத் திறந்து உள்ளே போய் இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பாளே.

நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சாரல் அடித்து முதுகு நனைந்தது. பிடித்த பிடியை விடவில்லை. பாட்டுப் பாடினாள், கதை சொன்னாள், காக்கா மாதிரி கத்திக் காட்டினாள். அதற்குள் அவள் வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு தீய்கிற வாடை வந்தது. முதலில் லேசாக, அப்புறம் நெடியாக. அடுப்பை அணைக்கப் போனால் இவன் பிளாஸ்கிடம் போவான். போகாவிட்டால் தன் வீடே பற்றிக்கொள்ளுமோ என்று பயம். சட்டியோடு போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் வீட்டு அடுப்பை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதவில் தொங்குகிற தன் தலையெழுத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மழை ஓய்ந்த பிறகுதான் தினேஸ்வரி வந்தாள். தண்ணீர் ஏறிய சாலையில் மோட்டார் நின்றுவிட்டதாம். மகளைச் சீட்டில் உட்காரவைத்து அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டே வந்தாளாம். தலை முதல் கால் வரை நனைந்திருந்தவள், பிள்ளைகள் அழுத முகத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தாள். கலாதேவி முதலில் தன் வீட்டுக்கு ஓடி அடுப்பை அணைத்தாள். சட்டி கரியாகியிருந்தது, வீடு முழுக்கப் புகை. ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவளிடம் இருந்த பொறுமையும் தீய்ந்து போயிருந்தது. பிளாஸ்க், முக்காலி, எல்லாவற்றையும் சொன்னாள். தினேஸ்வரியின் முகம் வெளுத்துவிட்டது. கோகிலனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அக்கா போறேன்" என்றாள்.

"நான் எங்க இருக்கேன்? வெளியில இருக்கேன். அவன் உள்ள கொதிதண்ணிய ஊத்திக்கிட்டா நான் இங்கிருந்து ஊதியா விட முடியும்? ஒரு சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போ. இல்லாட்டி இனிமே எங்கிட்ட சொல்லிட்டுப் போகாத."

இத்தனை நாள் கேட்கக்கூடாது என்று அடக்கி வைத்திருந்ததை ஒருவழியாகக் கேட்டுவிட்டாள். தினேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்வதாக முணுமுணுத்தாள். கலாதேவிக்குச் சுருக்கென்றது. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறபோது அவரிடம் கேட்டாளா?

சாயங்காலம் கலாதேவியின் புருஷன் ஜெயபாலன் வேலை முடிந்து வந்தார். ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்கிற ஜாகா வேலை அவருக்கு. கருகிய சட்டியைப் பார்த்து, கருவாட்டின் கதையைக் கேட்டு, அனுதாபப்படுவதற்குப் பதிலாகச் சிரித்தார். முன்பின் தெரியாத முதலாளி தன்னிடம் ஸ்டோர் வரைக்கும் எல்லாச் சாவியையும் கொடுத்து வைத்திருக்கிறான், சாவி இல்லாமல் ஜாகா பார்க்கிற ஒரே ஆள் பேராக் மாநிலத்திலேயே நீதான் என்றார். ஊற வைத்த சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தவள் அவரை முறைத்தாள். அவர் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இருட்டுவதற்கு முன்பே தர்மேந்திரன் சிங்கப்பூரிலிருந்து அவளுக்கே போன் பண்ணினான். நன்றி சொன்னான். அக்கா இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ என்றான். பிறகு தொண்டையைக் கனைத்தான். தப்பாக நினைக்கக்கூடாது, வீட்டில் தினேஸ்வரியின் நகையெல்லாம் இருக்கிறது, அக்காவை நம்பாமல் இல்லை, ஆனால் நாளைக்கு ஏதாவது ஒன்று காணாமல் போனால் இரண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம் என்று சுற்றிச் சுற்றி வந்தான்.

கலாதேவி முழுவதையும் கேட்டாள். அவளுக்கு ஏற்பட்ட வலி, திருடி என்று நேராகச் சொல்லியிருந்தாலும் ஏற்பட்டிருக்காது. போனை வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிளாஸ்கின் மேல் இருந்த அந்தச் சின்னக் கை நினைவுக்கு வந்தது.

"தம்பி, பிள்ளைங்கள எங்கிட்ட விட்டுட்டுப் போக ஒங்களுக்குப் பயமில்ல. நகைக்குத்தான் பயமா இருக்கு. அப்ப ஒண்ணு பண்ணு. நகைய அவளையே தூக்கிட்டுப் போகச் சொல்லு. சாவிய மட்டும் எங்கிட்ட குடுக்கச் சொல்லு."

சரி அக்கா என்று சொல்லி அவன் போனை வைத்தான்.

கோபத்தில் உறைக்கிற மாதிரி சொன்ன பேச்சுதான் அது. இதற்குப் பிறகு இரண்டு பேரும் வெட்கப்பட்டுச் சாவியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், நகை கிடக்கட்டும் அக்கா என்பார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்கு தினேஸ்வரி வெளியே வந்தாள். அக்கா என்று கூப்பிட்டாள். முகத்தை நேராகப் பார்க்காமல் ஒரு சாவியைக் கலாதேவியின் கையில் வைத்தாள். பிறகு ஒரு துணிப்பையைக் கழுத்துக்குக் குறுக்காக மாட்டி, அதை வயிற்றோடு சேர்த்து ஜாக்கெட்டுக்குள் தள்ளி ஜிப்பை மேலே இழுத்தாள். ஜாக்கெட் முன்பக்கம் உப்பிக்கொண்டு நின்றது. ஹெல்மெட்டை மாட்டினாள்.

அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று கலாதேவி கேட்கவில்லை.

"பாத்துப் போ. ரோட்டுல பையைப் பறிக்கிறவனுங்க இருக்கானுங்க" என்று மட்டும் சொன்னாள். தினேஸ்வரி தலையாட்டிவிட்டு ஒரு கையால் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினாள்.

கலாதேவி பூட்டைத் திறந்து உள்ளே போனாள். முதல் வேலையாகப் பிளாஸ்கை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். கூடத்துக்கு வந்து மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அவமானத்தில்தான். பாப்பா புரண்டு படுத்து, தூக்கத்திலேயே அவள் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. கோகிலன் கண்ணைப் பாதி திறந்து, "பெரியம்மா, எப்படி உள்ள வந்தீங்க?" என்றான்.

"அம்மா விட்டாங்கடா. நீ தூங்கு" என்றாள்.