நார்த்தங்காயும் என் தாடையும்

எழுபதுகளின் நடுவில், போடிமெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நூற்றுப் பதினெட்டுப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்ப வேண்டும். வலது கீழ்க்கடைவாயில் மூன்று பற்கள் போனதால் போடியில் ஒரு டாக்டரிடம் பல் செட் வைத்துக்கொண்டேன். மறுநாள், நாற்பதாவது பெயரிலேயே காதுக்கு முன்னால் குத்தியது. அறுபதில் குரல் உள்ளே போய்விட்டது. கவளத்துக்கு முப்பத்திரண்டு முறை மெல்லுகிறவன் நான். ஒன்பதைத் தாண்ட முடியவில்லை.

பத்து நாள் பொறுத்தேன். "இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் பேர் கூப்பிட வேற ஆளு," என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மனைவியுடன் மறுபடி போடிக்கு இறங்கினேன். டாக்டர் என் தாடையைக் கையால் நடுவுக்குத் தள்ளிப் பிடித்து, கார்பன் தாள் போன்ற நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். மை ஒரே இடத்தில் தடித்து விழுந்தது.

"அன்னைக்கு அளவெடுக்கும்போது உங்க தாடை இடப்பக்கம் ஒதுங்கியிருந்திருக்கு. வழியில எதையாச்சும் கடிச்சுக்கிட்டு வந்தீங்களா?"

"இல்லையே."

"ஏன் பொய் சொல்றீக?" என்றாள் மனைவி. "வாந்தி வந்துரும்னு, பதினேழு வளைவும் முடியிற வரைக்கும் உப்பு நார்த்தங்காய இடது கடவாயில கடிச்சுக்கிட்டே வருவாக, டாக்டர். இன்னைக்கும் அதே கததான். மூஞ்சியப் பாக்கணுமே!"

டாக்டர் சிரித்துவிட்டார். அவ்வளவு நேரம் ஒரு பக்கமாக இறுகிய தசை, பஸ்ஸை விட்டு இறங்கியதும் இளகிவிடாதாம். அந்தக் கோணலுக்குப் பொருந்தச் செய்த பற்கள், தாடை தன் இடத்துக்கு வந்ததும் மேல்பல்லில் முந்திக்கொண்டு இடித்தன. இடியைத் தாங்கியது தாடை மூட்டு.

"இன்னைக்கும் தசை இறுகித்தான் இருக்கும், வேண்டாம். இங்கயே தங்கிட்டு காலையில வாங்க," என்றார்.

மைத்துனி வீட்டில் தங்கி, நன்றாகத் தூங்கி, காலையில் போனேன். நீலப் புள்ளிகள் சமமாக விழும்வரை டாக்டர் பல் செட்டை ஆறு முறை ராவினார். திரும்பும்போது மனைவி நார்த்தங்காயைக் கண்ணில் காட்டவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தேன்.

மறுநாள் களத்தில் நூற்றுப் பதினெட்டுப் பெயரும் கணீரென்று வந்தன. "ஐயா இம்புட்டு நாளும் வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருந்தாக?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. களமே சிரித்தது. நானும் சிரித்தேன், வலிக்கவில்லை. மேனேஜர் வேறு ஆளைத் தேடாமல் ஆபீசுக்குப் போனார்.

அன்றே டாக்டருக்கு நன்றி சொல்லி ஒரு கார்டு போட்டேன். என்னைக் காட்டிக்கொடுத்தவளுக்கு எழுதவில்லை. ஒரே வீட்டில் இருப்பவளுக்கு எப்படிக் கார்டு போடுவது? அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.