ரஷ்யப் பிரபுவும் சலாலா சாரலும்

வளைகுடாவில், குதைபியா பகுதியில் எங்கள் கட்டடத்தின் கீழே துணிக்கடை வைத்திருக்கிறார் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர்; அவர்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில் அவரைக் காக்கா என்பேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அவர் வீட்டில் எனக்கும் என் மனைவிக்கும் நெய்ச்சோறு. சாப்பிட்ட கையோடு என்னைச் செஸ்ஸில் தோற்கடிப்பார். இரண்டும் அவருக்கு நன்றாகச் செரிக்கும். பதினோரு மாதமாக நான் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

அவர் மனைவியை நான் லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். லாத்தாவின் தங்கை இன்னொரு வளைகுடா நாட்டில், சலாலாவில் இருக்கிறார். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிற ஆடியில் அங்கே சாரல் அடித்து மலையெல்லாம் பச்சையாகிவிடும். ஒரு தடவை போய்வரலாம் என்று லாத்தா ஆறு வருஷமாகக் கேட்கிறார். கடையை யார் பார்ப்பது என்று காக்காவும் ஆறு வருஷமாகக் கேட்கிறார். இந்தக் கோடையில் அந்தப் பேச்சு மறுபடி எழுந்தபோது காக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி ஒரே ஒரு ஆட்டம் ஜெயிக்கட்டும். மறுநாளே கடைய அடச்சிட்டுக் கெளம்பிடுவோம்."

எனக்குச் சுருக்கென்றது. லாத்தா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து என் தட்டில் கறித்துண்டு கூடியது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்ய முடியுமா? நான் வேலை பார்க்கும் சைட்டில் மதிய இடைவேளையில் செஸ் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

அப்படித்தான் ஒரு செஸ் பக்கத்தில் அந்தக் காலத்து ரஷ்யர் ஒருவர் கிடைத்தார். பிரபு குடும்பம், ஜார் மன்னரின் பட்டாளத்தில் அதிகாரி, என்னைப் போலவே என்ஜினியர். உத்தியோகத்தை உதறிவிட்டுச் செஸ்ஸே கதியென்று உட்கார்ந்தவர். கறுப்புக் காயோடு ஆடுபவர் எடுத்த எடுப்பில் குதிரையை இறக்கிப் பதிலடி கொடுக்கும் முறையை அலசி ஆராய்ந்து எழுதியவர். இரண்டு வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் இவர் புராணம்தான். நீங்கள் வேலையை விட்டால் விசா போய்விடும் என்று என் மனைவி நினைவூட்டினாள்.

மூன்றாவது வெள்ளி, கறுப்புக் காயோடு உட்கார்ந்தேன். காக்காவின் குதிரை என் சிப்பாயைத் தின்றது. நானும் சளைக்காமல் அவர் சிப்பாயைத் தின்றேன். அவர் ராணியை இறக்கி என் குதிரையை மிரட்டினார். நான் பயந்து குதிரையைப் பின்வாங்கினேன். அவர் தன் குதிரையை மெல்ல ஒதுக்கினார். வழி திறந்து ராணி என் ராஜாவுக்குச் செக் வைத்தது, ஒதுங்கிய குதிரை என் ராணியைக் குறிவைத்தது. ஐந்தாவது நகர்த்தலிலேயே கதை முடிந்தது; அடுத்து என் ராணி அவர் கைக்குப் போனது. எதிரியின் குதிரையை முதலில் விரட்டு, பிறகு சிப்பாயைத் தொடு என்பதுதான் முறையாம். அவசரக்குடுக்கையான நான் அந்தப் பக்கத்தைப் பாதியில் மூடியிருந்தேன்.

சுலைமானித் தேநீர்த் தட்டோடு நின்ற லாத்தாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வெட்கத்தில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அந்தப் பிரபு தோற்றுப்போய்த்தான் பட்டாளத்தை விட்டாரா என்று லாத்தா என்னிடம் கேட்டார். இல்லை, அவராகவே விட்டார் என்றேன். லாத்தா கணவர் பக்கம் திரும்பினார்.

"ராசாவோட பட்டாளத்தையே அந்த மனுசன் தானா விட்டுட்டு வந்திருக்காரு. ஒரு ஷட்டர நாலு நாளு எறக்கி வைக்க, உங்கள இன்னொருத்தர் தோக்கடிக்கணுமா?"

என் ராணி இன்னும் காக்காவின் கையில் இருந்தது. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பலகையில் வைத்தார்.

"தங்கச்சிக்கு போனப் போட்டுச் சொல்லு," என்றார், "வாறோம்னு."