படகுக்காரி யாரைக் கட்டவேண்டும்?

எனக்கு முப்பத்தொரு வயது. அச்சுவேலியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். ஜப்பானியப் படக்கதை வாசிக்கிறேன். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் எங்கள் ஊரில் மூன்றாவது மட்டும்தான் காதில் விழும். "உந்த வயசிலையோ?" என்பார்கள். ஓம், இந்த வயதில்தான்.

ஆறு வருடமாக வாரந்தோறும் நான் வாசிக்கிற கதை ஒரு படகுக்காரியைப் பற்றியது. தீவுகளுக்கிடையே சாமான் ஏற்றிப் போகிறவள். அவளைச் சுற்றி இரண்டு பேர். ஒருவன் சின்ன வயதுத் தோழன். அவள் திரும்பி வருவாள் என்று பத்து வருடமாகத் துறைமுகத்தில் காத்து நிற்கிறவன். மற்றவன் அவளுடைய படகிலேயே திசை பார்த்துச் சொல்கிறவன். வாய்க்காரன், ஏறிய நாள் முதல் அவளோடு சண்டை. புதிய அத்தியாயம் ஞாயிறு காலையில், நான் சேர்ச்சில் இருக்கிற நேரம் பார்த்து வரும். பிரசங்கம் முடியும்வரை என் கைப்பைக்குள் போன் அதிர்ந்துகொண்டேயிருக்கும்.

அதிர வைப்பது எங்கள் ரசிகர் குழு. குடாநாட்டிலும் வெளிநாட்டிலுமாக நாற்பது பேர், ஒருவரும் சொந்தப் பெயரில் இல்லை. யாரோடு யார் சேரவேண்டும் என்று ரசிகர்கள் எங்கும்தான் அடிபடுகிறார்கள். எங்கள் குழுவில் அது கலியாணப் பேச்சுக்காலாகவே நடந்தது. தோழனின் கட்சிக்காரர் தங்களை மாப்பிள்ளை வீட்டாராக நியமித்துக்கொண்டார்கள். பெண்ணுக்குச் சொந்தப் படகு இருப்பதால் சீதனம் கேட்பதில்லை என்று பெருந்தன்மையாக அறிவித்தார்கள். நீர்வேலிக்காரர் ஒருவர் சாதகமே கணித்துவிட்டார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பாத்திரங்களின் பிறந்த நாளையும் இரத்த வகையையும் போட்டிருந்தார்கள். பிறந்த நேரம் இல்லை. அதற்காக அவர் விட்டுவிடவில்லை. படகுக்காரி பிறக்கிற காட்சியில் யன்னல் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, காலை ஏழரை என்று முடிவுகட்டி, தோழனுக்கும் அவளுக்கும் பத்தில் எட்டுப் பொருத்தம் என்றார். திசைக்காரனுக்குச் செவ்வாய் தோஷமாம். நாங்கள் வேதக்காரர், சாதகம் பார்ப்பதில்லை. குடும்பம், படித்த கல்லூரி, போகிற சேர்ச் என்று மற்ற எல்லாவற்றையும் பார்ப்போம். ஆகையால் சிரிக்க எனக்கு உரிமையில்லை. சிரித்தேன்.

ஒரு ஞாயிறு வந்த அத்தியாயத்தில் படகுக்காரி தோழனிடம் மாட்டேன் என்று சொன்னாள். அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு திசைக்காரனோடு போய்விட்டாள்.

குழு கொதித்தது. "பத்து வருசம் நிண்டவன்ரை பாவம் உவளைச் சும்மா விடாது" என்றார் ஒருவர். "உந்தக் கதையை எழுதிறது பொம்பிளையோ?" என்றார் இன்னொருவர். சாதகக்காரர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வந்தார். எனக்குக் கோபத்தில் விசர் பிடித்தது. அவர் திரும்பி வருமட்டும் பொறுக்காமல், சேர்ச் முடிந்த கையோடு மதிலோரம் நின்றபடியே எழுதினேன்:

"நிண்டது அவன்ரை விருப்பம். அவள் கேக்கேல்லை. காத்து நிண்டதுக்குக் கூலியாப் பொம்பிளையைக் குடுக்கிற பழக்கத்தை எங்கடை வீடுகளோடை வைச்சிருங்கோ. கடலிலை போறவளிட்டைக் கொண்டு போகாதேங்கோ."

அதை எழுதும்போது என் வீட்டு விஷயம் மனதில் இல்லை என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சத்தியம் செய்திருப்பேன். இன்றைக்குச் செய்யமாட்டேன்.

வீட்டு விஷயம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன் உடுவிலில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், கனடாவில் இருக்கும் தங்கள் மகனுக்கு என்னைக் கேட்டது. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு பரீட்சை இருக்கிறது, அப்பாவின் ஆண்டு நினைவு முடியட்டும் என்று அம்மா மூலம் தள்ளிக்கொண்டே வந்தேன். அது கோழைத்தனம், வேறு பெயர் வைத்து மூடமாட்டேன். "அந்தப் பிள்ளை உனக்காகக் காத்திருக்குது" என்று அம்மா மாதம் ஒரு தடவையாவது சொல்லுவார்.

அந்தப் பிள்ளையின் அக்கா எங்கள் குழுவில் இருப்பது எனக்குத் தெரியாது. தோழனுக்காக மாதக்கணக்கில் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடிய ஆள் அவர்தான். நான் யாரென்பதை அவர் எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார். மருந்துக்கடையைப் பற்றி நான் அளந்த கதைகளே போதும். நான் எழுதியதை வாசித்ததும் அவருக்குப் படகுக்காரி மறந்துபோனாள். காத்து நின்றவன், கூலி, எங்கடை வீடுகள் என்றதெல்லாம் தன் தம்பிக்குச் சொன்னது என்று முடிவுகட்டி, தாய்க்கும் சித்திமாருக்கும் அனுப்பிவிட்டு, புதன்கிழமை எங்கள் வீட்டுக் கதிரையில் வந்து இருந்தார்.

"அன்ரி, உங்கடை மகள் என்ரை தம்பியைப் பற்றி நாப்பது பேருக்கு முன்னாலை எழுதிப்போட்டா."

அம்மா போனை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். அவருக்குப் படகும் விளங்கவில்லை, கடலும் விளங்கவில்லை. "பிள்ளை, உது கார்ட்டூன்தானே? சும்மா பகிடிக்கு எழுதினது எண்டு அக்காவுக்குச் சொல்லு" என்றார்.

அக்காவும் இறங்கி வந்தார். "ஓம் தங்கச்சி. சும்மா எழுதினது எண்டு ஒரு வரி போடு, நான் வீட்டிலை சமாளிக்கிறன். தம்பி இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறான்."

ஒரு வரி எழுதினால் சம்பந்தம் முறியாது, வருடம் முடிவதற்குள் என்னை விமானம் ஏற்றிவிடுவார்கள். ஆறு வருடம் சிரித்தும் அழுதும் வாசித்ததைச் சும்மா என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் வாய் வராது என்று தெரிந்து அக்காவையே பார்த்தேன்.

"அக்கா, அது படக்கதைதான். ஆனா சும்மா எழுதினதில்லை. உங்கடை தம்பியை நினைச்சும் எழுதேல்லை. இப்ப நீங்கள் கேட்டபடியால் சொல்லுறன், அவருக்கும் படகுக்காரி சொன்ன அதே மறுமொழிதான். மூண்டு வருசத்துக்கு முந்தியே சொல்லியிருக்கவேணும். அது என்ரை பிழை, அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். எழுதினதுக்குக் கேக்கமாட்டன்."

அக்கா தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார். அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. பொம்மைப் படத்துக்காக நல்ல சம்பந்தத்தை உதறினவள் என்று பெயர் வந்தது. தலையிடிக்கு மாத்திரை வாங்க வந்தவர்கள்கூட, "பாவம் அந்தப் பெடியன், காத்திருந்தவன்" என்றார்கள். நான் மாத்திரையை உறையில் போட்டு எத்தனை வேளை என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு குழுவில் இருந்த பொய்ப்பெயரை அழித்துவிட்டு என் சொந்தப் பெயரைப் போட்டேன்.

பத்தாம் நாள் பின்னேரம் கடையில் இருக்கும்போது கனடா இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு. அவர்தான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குரலைக் கேட்டேன். ஏசப்போகிறார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எடுத்தனான். நான் காத்திருக்கேல்லை. இஞ்சை எனக்கு ஒராள் இருக்கிறா, நாலு வருசமா. வீட்டிலை சொல்லப் பயம். நீங்களா இல்லையெண்டு சொல்லுமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான்."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அம்மாவின் மூன்று நாள் நினைவுக்கு வந்தது, சிரிப்பு போய்விட்டது.

"எனக்கு நன்றி வேண்டாம்," என்றேன். "உங்களைக் காக்க வைச்சவள் எண்டு ஊர் என்னை ஏசுது. நீங்கள் காத்திருக்கேல்லை எண்டு இண்டைக்கே அக்காவுக்கு எடுத்துச் சொல்லுங்கோ."

"இப்ப சொன்னா அம்மா தாங்கமாட்டா. கொஞ்ச நாள் பொறுங்கோவன்."

"பொறுக்கமாட்டன். நாளைக்குப் பின்னேரம் அஞ்சு மணி மட்டும் தாறன். நீங்கள் சொல்லாட்டி நான் உடுவிலுக்குப் போய் உங்கடை அம்மாவுக்கு முன்னாலை இருந்து சொல்லுவன்."

மறுநாள் நாலரைக்கு அக்காவின் அழைப்பு வந்தது. கடையில் ஆட்கள் இல்லை, போனும் கையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. அவரும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.