சுவரில் இருந்த முயல்கள்

பெற்ற குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் உங்கள் கை கொப்பளித்தால் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? பேயையா, பக்கத்து வீட்டுக்காரியின் பார்வையையா, குழந்தை பிறந்த நேரத்தையா? "நான் அப்படியெல்லாம் நினைக்க மாட்டேன்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பவளமும் பள்ளியில் அறிவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான்.

பவளத்துக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். கல்யாணமானதும் கணவன் தங்கதுரையோடு ஓசூருக்கு வந்தாள். அவனுக்கு வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ராயக்கோட்டைச் சாலையில் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறையும் அதை ஒட்டி ஒரு அடுப்படியும். வீட்டுக்காரி வெங்கடம்மா அடுத்த வாசலில் இருந்தாள். தெலுங்குக்காரி. தமிழில் அன்பாகவும் தெலுங்கில் கோபமாகவும் பேசுவாள்.

சிப்காட்டில் இன்க்ஜெட் பிரிண்டருக்கு மை தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் பவளம் சேர்ந்தாள். பிஸ்கட் டப்பாவிலும் ஷாம்பு பாட்டிலிலும் ஒட்டுகிற லேபிள்களை அடிக்கும் மை அது. நாம் எழுதும் மை காற்றில் காய்கிறது. இந்த மை காயாது. எத்தனை நாள் வைத்தாலும் எண்ணெய்போல் ஈரமாகவே கிடக்கும். புற ஊதா விளக்கின் அடியில் ஒரு கணம் போய்வந்தால் மட்டும் சட்டென்று இறுகிக் கெட்டிப் பிளாஸ்டிக் ஆகிவிடும். சாதாரண வெளிச்சம் பட்டாலே அது கெட்டுவிடும் என்பதால், அந்த அறையில் எல்லா விளக்குக்கும் மஞ்சள் தாள் சுற்றியிருப்பார்கள். உள்ளே நுழைந்த முதல் நாள் பவளம் எதிரே நின்ற பெண்களைப் பார்த்துப் பயந்துவிட்டாள். எல்லா முகமும் பிணம்போல் வெளுத்துக் கிடந்தது. உதட்டில் நிறமே இல்லை. விளக்கு ஓடும்போது இடி விழுந்த இடத்தில் வருவது மாதிரி ஒரு வாடை வரும்.

"பயப்படாத புள்ள. இங்க எல்லாரும் செத்தவங்கதான். சாயங்காலம் அஞ்சரைக்கு உசுரு வந்துடும்" என்றாள் முனிலட்சுமி. பக்கத்து மேசைக்காரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவள்.

பவளத்தின் வேலை சோதனை. புதிதாகக் கலக்கிய மையைப் பிளாஸ்டிக் பிலிமில் அடித்து விளக்கின் அடியில் அனுப்புவாள். வெளியே வந்ததும் அதன் மேல் கட்டைவிரலை அழுத்தி ஒரு திருகு திருகுவாள். விரலில் மை ஒட்டினால் பெயில், ஒட்டாவிட்டால் பாஸ். வெறும் விரலால்தான் செய்யவேண்டும். கையுறை போட்டால் சரியாகத் தெரியாது என்று சூப்பர்வைசர் அசோக்குமார் சொல்லியிருந்தார். அந்த மையில் இருக்கும் பொருள் தோலுக்குள் இறங்கும், உடம்பு ஒருமுறை அதைப் பகையாக எடுத்துக்கொண்டால் பிறகு ஆயுளுக்கும் மறக்காது என்பதை அவர் சொல்லவில்லை. வாளியின் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாளியிலிருந்து சின்ன பாட்டிலுக்கு ஊற்றும்போது அந்த எழுத்து வாளியோடு போய்விடும்.

குழந்தை பிறந்த பிறகும் பவளம் அதே வேலைக்குத் திரும்பினாள். அந்த ஆண்டு, 2007இன் கடைசியில், சோதனை விளக்குக்கு வயதாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அப்படியே இருக்கும், மையை இறுக்குகிற சக்தி மட்டும் செத்துக்கொண்டே வரும். அசோக்குமார் புது விளக்கு கேட்டார். "எரியுதா இல்லையா? எரியுதுன்னா அப்புறம் எதுக்குப் புதுசு?" என்று மேலிடம் கேட்டது. பெயிலான பிலிம் மலைபோல் குவிந்தது. அதை முறைப்படி அழிக்கச் செலவாகும். அதனால் கம்பெனி தாராள மனது காட்டியது. வேண்டுமென்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றது.

அந்த வாரம் அடித்தது குழந்தைகள் பொருளுக்கான மாதிரி லேபிள். வெள்ளைப் பிலிம் முழுக்க இளஞ்சிவப்பு முயல்கள். கறுப்பு வெளிக்கோடு, கறுப்பு வளையமாக இரண்டு கண்கள். பெண்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு சுருட்டினார்கள். பவளமும் ஒரு சுருள் எடுத்துவந்தாள். ஓசூர் மார்கழிக் குளிர் சாத்தூர்க்காரிக்குப் புதிது. அறையின் ஒரு சுவர் எப்போதும் ஈரம் கசியும், அதன் அருகில்தான் குழந்தை தர்ஷினியின் படுக்கை. பிலிம் இன்னும் லேசாக ஒட்டுகிறது என்று பவளத்துக்குத் தெரியும். வெயிலிலும் அந்தக் கதிர் இருக்கிறதுதானே என்று கொடியில் இரண்டு நாள் காயப்போட்டாள். தடவிப் பார்த்தாள், ஒட்டவில்லை. தரையிலிருந்து இடுப்பளவு சுவரில் வரிசையாக ஒட்டிவிட்டாள்.

"எத்தனை அழகா இருக்கு!" என்று வெங்கடம்மா வாயில் கைவைத்தாள். "எனக்கும் ஒரு துண்டு கொடு பவளம், அலமாரில போட்டுக்கறேன்."

"அடுத்த சுருள் உங்களுக்குத்தான்க்கா."

தை பிறந்ததும் பவளத்தின் கட்டைவிரல் வெடித்தது. நீர்க்கொப்புளம், அரிப்பு, பிறகு மீன் செதில்போல் உரிதல். கண்ணிமை வீங்கியது. "உன் உடம்புக்கு ஒத்துக்கலம்மா. மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று அசோக்குமார் அவளைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார். மற்றவர்கள் கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டில் இருந்தால் ஆறவேண்டுமல்லவா? விரல் ஆறவும் செய்தது. ஆனால் வேறொன்று தொடங்கியது. குழந்தையைத் தூக்கினால் முன்கை எரிந்தது. கன்னத்தோடு கன்னம் வைத்தால் மறுநாள் பவளத்தின் கன்னம் தடித்தது. சமைத்தாள், துவைத்தாள், தண்ணீர் சுமந்தாள், ஒன்றும் ஆகவில்லை. குழந்தையைத் தொட்டால் மட்டும்.

பிறகு ஒரு காலையில் போர்வையை விலக்கினாள். தர்ஷினி சுவரை ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சிவப்பாக இரண்டு வளையங்கள், பக்கத்துப் பக்கத்தில். யாரோ உள்ளேயிருந்து பார்ப்பது மாதிரி. அன்றைக்குச் சாயங்காலம் சின்னத் தோளில் இன்னொரு ஜோடி எழும்பியது.

இதற்கு முன்பு பவளம் வேலைக்குப் போகும்போது குழந்தை பகலெல்லாம் வெங்கடம்மா வீட்டில் இருக்கும். இப்போது அம்மா நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறாள், குழந்தையும் அவள் கூடவே. அம்மா வீட்டில் இருக்க இருக்கக் குழந்தை மோசமாகிறது. லைன் வீட்டுக்காரர்கள் அதைக் கவனித்தார்கள். பவளமும் கவனித்தாள்.

தங்கதுரை போன் செய்ய, அவன் அக்கா ஜோதியம்மாள் சாத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். அடுத்த நாளே நாராயணப்பன் என்ற குறிகாரரிடம் எல்லோரும் போனார்கள். அவர் குழந்தையின் கன்னத்தை வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை.

"தாய் வேலை செய்யற எடத்துல மஞ்ச வெளிச்சம் உண்டா?" என்று கேட்டார்.

பவளம் தலையாட்டினாள். தங்கதுரைதான் முந்தின நாள் அவருடைய ஆளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அங்கிருந்து ஒண்ணு இவ கையோட வந்திருக்கு. தாய்க்கும் புள்ளைக்கும் நடுவுல நிக்குது. பிரிச்சு வைங்க, ரெண்டு பேருக்கும் ஆறும். சேர்ந்தா மறுபடி வரும். வேணும்னா சோதிச்சுப் பாருங்க."

சோதித்தார்கள். குழந்தை வெங்கடம்மா வீட்டில் இருந்தது. சில நாளில் வளையங்கள் மங்கின. பவளத்தின் கையும் ஆறியது. மறுபடி குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண்கள் திரும்ப வந்தன, இந்த முறை வயிற்றில்.

குறிகாரர் சொன்னது அப்படியே பலித்தது. நம் நாட்டில் ஒருவர் சொன்னது பலித்துவிட்டால், அவர் சொன்ன காரணமும் உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். அங்கேதான் நம்மை விற்றுவிடுகிறார்கள். சேவல் கூவினால் விடிகிறது, அதற்காகச் சூரியனைச் சேவலா இழுத்து வருகிறது?

"ஞாயித்துக்கெழம பஸ்சுக்கு நான் புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் ஜோதியம்மாள். "பள்ளிக்கூடம் சேக்கற வயசு வரைக்கும் எங்கிட்ட வளரட்டும். நீ மூஞ்சியத் தூக்காத பவளம். ஒன் நல்லதுக்குத்தான்."

"பாலு குடிக்கிற புள்ள மதினி."

"அந்தப் பாலே வெசமா இருந்தா?"

தங்கதுரை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பவளமும் நம்பினாள். இதை மறைத்துச் சொன்னால் அவள் கதைக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன். ராத்திரி தன் கையைப் புடவை முந்தானையில் சுற்றிக்கொண்டு படுத்தாள், தெரியாமல் குழந்தையைத் தொட்டுவிடக்கூடாது என்று. சுவரில் முயல்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

குழந்தையை அனுப்புவதற்கு முன்பு களிம்பாவது வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் வியாழக்கிழமை கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்குப் போனாள். தோல் பிரிவில் இருந்த டாக்டர் சுப்ரியா சின்ன வயதுக்காரர், கூட்டத்தில் குரல் கம்மிப்போயிருந்தது. குறிகாரர் வைத்த சோதனையைப் பவளம் சொன்னதும் எழுதுவதை நிறுத்தினார்.

"குழந்தை எடம் மாறுச்சு. நீங்க மாறல. அப்போ விலகினது அம்மாவா, வீடா? ரெண்டுமே ஒரே நேரத்துல விலகிடுச்சே, எப்படித் தெரியும்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்களும் குழந்தையும் ஒண்ணாவே அந்த அக்கா வீட்டுக்குப் போங்க. இந்த வீட்டுத் துணி ஒண்ணு கூட வேண்டாம். ரெண்டு நாள் கீழ விடாம வச்சிருங்க. பால் குடுங்க. வந்தா ஒங்களால. வரலைன்னா வீட்ல எதையோ தேடணும்."

"வந்துருச்சுன்னா டாக்டர்?"

"வந்தா நான் அந்தக் குறிகாரர் கால்ல விழறேன். போங்க."

வெங்கடம்மா தன் பழைய புடவையைக் கட்டக் கொடுத்தாள், குழந்தைக்குத் தன் பேரனின் சட்டை. "தேவுடா, என் வீட்டுக்கு அது வந்துடாதே?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தாள். ஆனால் கொடுத்தாள். ஜோதியம்மாள் வாசலில் உட்கார்ந்து காவல் காத்தாள்.

அந்த இரண்டு நாளும் பவளம் குழந்தையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கண் தெரிந்தாலும் தானே பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும் என்று மனதைத் தயார்செய்திருந்தாள். முதுகு, வயிறு, கன்னம். பழைய வளையங்கள் மங்கிக்கொண்டு வந்தன. புதிதாக ஒன்றும் எழும்பவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கன்னத்தோடு கன்னம் அழுத்தி முத்தம் கொடுத்தாள். ஞாயிறு காலையிலும் இரண்டு கன்னங்களும் சுத்தமாக இருந்தன.

குழந்தையை வெங்கடம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள். கதவருகே நின்று ஒவ்வொரு பொருளாகப் பார்த்தாள். படுக்கை. பால் டப்பா. பொம்மை. பிறகு சுவர். காலை வெளிச்சத்தில் நூறு ஜோடிக் கறுப்பு வளையங்கள் அவளையே பார்த்தன.

எப்போதும் செய்த வேலைதான். ஒரு முயலின் கண்ணில் கட்டைவிரலை அழுத்தி ஒரு திருகு திருகினாள். மேலே இருந்த மெல்லிய ஏடு பாலாடைபோல் கிழிந்தது. விரலை எடுத்துப் பார்த்தாள். கறுப்பாக, ஈரமாக இருந்தது.

கறுப்பு நிறம் கதிரைத் தானே விழுங்கிவிடும். செத்த விளக்கும் இரண்டு நாள் வெயிலும் மேல் தோலைத்தான் இறுக்கின. அடியில் மை உயிரோடு கிடந்தது. இளஞ்சிவப்பு காய்ந்துவிட்டது, கோடும் கண்ணும் காயவில்லை. குளிருக்குச் சுவரோடு ஒண்டிப் படுத்த குழந்தை நகரும்போதெல்லாம் ஏடு விரிசல் விட்டு, மையின் நிறமில்லாத எண்ணெய் மட்டும் கசிந்து அதன் தோலில் ஏறியிருக்கிறது. அங்கிருந்து, ஏற்கெனவே பகை கொண்டிருந்த தாயின் தோலுக்கு.

"மதினி, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். "நீங்களும் அழுத்திப் பாருங்க. வேண்டாம், அழுத்தாதீங்க. என் வெரலப் பாருங்க போதும்."

ஜோதியம்மாள் விரலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "இம்புட்டு நாளும் இதுகூடவா படுத்துக் கெடந்துச்சு புள்ள?" என்று மட்டும் கேட்டாள். அன்று பஸ்ஸில் தனியாகத்தான் போனாள்.

மறுநாள் கட்டைவிரல் கொப்பளித்தது. அதையும் பிலிமையும் எடுத்துக்கொண்டு பவளம் கம்பெனி வாசலுக்குப் போனாள். "சும்மாதானேம்மா குடுத்தோம்? வெலைக்கா வித்தோம்?" என்றார் அசோக்குமார். அதோடு அவள் வேலையும் போனது. குறிகாரர் பேயைக் காட்டினார், கம்பெனி அவள் உடம்பைக் காட்டியது. இரண்டு பேரும் விளக்கைக் காட்டவில்லை. இந்த இரண்டில் எது பெரிய மோசடி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பவளம் இப்போது ராயக்கோட்டையில் ஒரு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறாள். அந்த மைக்குப் பக்கத்தில் அவள் இனி ஒருபோதும் போக முடியாது. தங்கதுரை அவள் முகத்தை நேராகப் பார்க்கச் சில மாதங்கள் ஆயின.

வேலை போன வாரத்தில் அவள் தனக்குத் தெரிந்த எல்லா வீட்டுக்கும் போனாள். முனிலட்சுமி வீட்டில் அரிசி டின்னுக்கு அடியில் முயல்கள். இன்னொரு வீட்டில் பாடப்புத்தகத்துக்கு அட்டையாக முயல்கள். வேறொரு வீட்டில் தொட்டிலின் உள்பக்கம். சிலர் உடனே கிழித்தார்கள். சிலர் "அழகா இருக்கே, எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் அவை இன்னும் விழித்துக்கொண்டிருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம். தொழிற்சாலை கழித்துப்போட்ட அச்சுத் தாளோ பிலிமோ அலமாரியில், சுவரில், குழந்தையின் பாய்க்கு அடியில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விரலால் தொட்டுச் சோதிக்காதீர்கள். தடித்த கையுறை போட்டு உரித்து, பையில் கட்டி, அதை அனுப்பிய கம்பெனி வாசலிலேயே கொண்டுபோய் வையுங்கள். அங்கே வெறும் கட்டைவிரலோடு வேலைக்கு நுழைகிற பெண்ணைப் பார்த்தால் நிறுத்தி, பவளத்தின் கதையைச் சொல்லுங்கள்.