மரக்குற்றிகளுக்கு நடுவே ஒரு கல்யாணம்

அன்று பின்னேரம் நான் திரும்பியபோது வீட்டில் அம்மாவும் அண்ணாவும் இருந்தார்கள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். வீடியோ டெக்குக்குள் நான் விட்டுப்போன கசெற் இல்லை.

கனடியக் காட்டில் மரம் வெட்டுகிறவர்களைப் பற்றிய பழைய கவ்போய்ப் படம் அது. சினிமா பேசத் தொடங்குவதற்கு முன் எடுத்தது. பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது, வெளியே கொடுப்பதில்லை. மறுநாள் வகுப்பில் அதில் ஒரு காட்சியைப் போட்டு நான் பேச வேண்டும் என்பதால், விரிவுரையாளர் தன் பொறுப்பில் ஒருநாளைக்குத் தந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான்தான் முதல். படித்தவர் ஒருவர் என் சொல்லை நம்பி ஒரு பொருளைத் தந்ததும் அதுதான் முதல்.

"உதில சத்தம் வரேல்லையடா," என்றார் அண்ணா. "நீ பழுதாக்கிப்போட்டாய் எண்டு பிடிக்கப்போறாங்கள். அதான் வீடியோக்கடை அங்கிளிட்டத் திருத்தக் குடுத்தனான்."

"ஐயோ அண்ணா, அது சத்தமே இல்லாத படம்!"

"சத்தமில்லாத படத்தைப் பாக்கவோ உனக்குக் காசு கட்டுறம்?" என்றார் அம்மா.

பனியில் சறுக்கிச் சறுக்கி அண்ணாவும் நானும் வீடியோக்கடைக்கு ஓடினோம். அங்கிள் சிரித்தபடி கசெற்றை நீட்டினார்.

"பயப்பிடாதையும் தம்பி. கசெற்றில ஒரு பிழையுமில்லை. அஞ்சு நிமிசம் ரெக்கோட் பண்ணிப் பாத்தனான். சத்தம் கணீரெண்டு கேக்குது."

"எந்த இடத்தில?"

"நீர் நிப்பாட்டின இடத்திலதான்."

கடை ரீவியில் போட்டோம். ஆற்றில் குற்றிகள் சிக்கிக் கிடக்கின்றன. துவக்கை நீட்டியபடி ஒருவன் குற்றிக்குக் குற்றி தாண்டி எதிரியை நோக்கி வருகிறான். காலடியில் ஒன்று உருள்கிறது. சட்டென்று கெட்டிமேளம், அங்கிள் பதிந்த கல்யாண வீடியோவில் யாரோ ஒரு மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். ஆறு திரும்பி வந்தபோது ஒரு தொப்பி மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

நான் பேசவிருந்தது அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான்.

வீட்டு வாசலில் அண்ணா சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டினார். பிறகு, "நாளைக்கு நானும் வாறன். நான் செய்தது எண்டு நானே சொல்லுறன்," என்றார்.

"உங்கட இங்கிலீசிலயோ?"

"பிழை விடேக்க இங்கிலீசு தேவைப்படேல்லையே."

காலையில் அண்ணா தொழிற்சாலைச் சப்பாத்தோடு விரிவுரையாளரின் மேசைக்கு முன்னால் நின்றார். "மை மிஸ்ரேக். நொட் ஹிம்," என்றார். இரண்டு தரம் சொன்னார். விரிவுரையாளர் கல்யாணத்தை முழுவதும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதைக் காட்டிப் பேசப்போகிறாய் என்று கேட்டார். எழுதிவைத்த குறிப்பு இருக்கிறது என்றேன். சரி, பேசு என்றார். ஆனால் புதுப் பிரதி நீங்கள்தான் வாங்கித் தரவேண்டும் என்றும் சொன்னார்.

பேசினேன். புள்ளியும் தந்தார். ஆனால் அந்த வருடம் முடியும்வரை வேறு கசெற் எதையும் என் கையில் தரவில்லை.

பிரதி அமெரிக்காவிலிருந்து வந்தது, எழுபத்தெட்டு டொலர். அண்ணா இழந்த அரைநாள் சம்பளம் முப்பத்திரண்டு. அந்த ஐந்து நிமிடக் கல்யாணத்துக்கு மொத்தச் செலவு நூற்றுப்பத்து டொலர்.