கொள்ளுத்தாத்தா கேட்டு வாங்கிய பெயர்

எங்கள் குடும்பப் பெயர் பிரெஞ்சுப் பெயர். என் முகமோ அசல் புதுச்சேரி முகம். இங்கே டென்மார்க்கில், கோல்டிங் நகரில் மருத்துவரைப் பார்க்கப் போனால், அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, எழுந்து வரும் என்னைத் தாண்டிப் பின்னால் யாரையோ தேடுவார்கள். பழகிவிட்டது.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். மகளுக்கு என் குடும்பப் பெயரைத்தான் வைத்தோம். கல்யாணம் நெருங்கியபோது அவள் சொன்னாள்: "அம்மா, கலியாணத்தோட இந்தப் பேரை விடப்போறன். எல்லாருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்." எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரம்தான் ஓர் அழைப்பு வந்தது. பல தலைமுறைக்கு முன் மதத்துக்காகப் பிரான்சிலிருந்து துரத்தப்பட்டு, டென்மார்க்கில் புகையிலை பயிரிட்டுப் பிழைத்த ஒரு குடும்பம். அவர்களுக்கும் எங்கள் பெயரே. அந்தப் பெயருள்ள எல்லோரையும் ஒன்றுகூடலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "வா, போய்த்தான் பார்ப்போமே" என்று மகளை இழுத்துக்கொண்டு போனேன்.

மண்டபச் சுவர் முழுக்க வம்ச மரம். கூட்டத்தை நடத்திய பெரியவர் எங்களைக் கண்டதும் தடுமாறினார். பிறகு காபி ஊற்றிக் கொடுத்து, கனிவாகவே சொன்னார்: தங்கள் ஆட்களில் ஒருவர் எங்கள் ஊரில் இருந்திருக்கலாம், வேலைக்காரர்களுக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கலாம் என்று.

கனிவாம் கனிவு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்த டேனிஷில் சத்தமாகவே சொன்னேன். யாரும் எங்களுக்குக் கொடுக்கவில்லை. என் கொள்ளுத்தாத்தாவின் பழைய பெயரைக் கேட்டாலே சாதி தெரிந்துவிடும், ஆளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவார்கள். சாதி வழக்கம் இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளலாம் என்று பிரெஞ்சு ஆட்சியில் சட்டம் வந்தது. அவர் காலில் செருப்போடு அலுவலகத்துக்குப் போய் இந்தப் பெயரைக் கேட்டு வாங்கினார். ஏன் இந்தப் பெயர்? அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். இந்தப் பெயரோடு தாத்தா சைகோனுக்குக் குமாஸ்தா வேலைக்குப் போனார். அப்பா பாரிசுக்குப் போனார். நான் இங்கே வந்தேன். உங்களில் யாருக்காவது உங்கள் பெயரை நீங்களே தேர்ந்தெடுக்கிற வாய்ப்புக் கிடைத்ததா?

என் மகளுக்கும் இது புதுக்கதை, வீட்டில் நாங்கள் சாதிப் பேச்சையே எடுத்ததில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ஒரு பெண் சிரித்தபடி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, எடுத்துத் தருகிறீர்களா என்று கேட்டாள். நான் கை நீட்டுவதற்குள் மகள் அதைப் பிடுங்கி, அந்தப் பெரியவர் கையில் வைத்தாள்.

"நீங்கள் எடுங்கள்," என்றாள் டேனிஷில். "அம்மா படத்தில் நிற்க வேண்டும். இது அவருடைய பெயரும்தான்."

என் கையைப் பிடித்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நேரா நில்லுங்கோ அம்மா. நான் இந்தப் பேரை விடமாட்டன். வேணுமெண்டா கலியாணத்துக்குப் பிறகு அவர் இதை எடுக்கட்டும்."