மிட்டாய்க்குப் போட்ட தையல்

மூன்று வருடங்களுக்கு முன், சம்பா நாற்றங்காலில் விதை விட்ட ஒரு சனிக்கிழமை காலை அது. பூதலூர் பக்கம், வயலை ஒட்டியே எங்கள் வீடு.

வீட்டில் ஒரு ஜோடி பேன்டம் கோழிகள் இருந்தன. புறா அளவே இருக்கும் குட்டைக் கோழிகள். ஒன்பது வயது மகளின் பிடிவாதத்துக்காக வாங்கியது. பெட்டைக்கு அவள் வைத்த பெயர் மிட்டாய். அவள் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் மடியில் ஏறிக்கொள்ளும், அப்புறம் அசையாது. அப்படி ஒரு சாது. முதலில் கேலி செய்த நானே, வயலிலிருந்து வந்ததும் அதைத்தான் தேடுவேன்.

நான் விவசாயம் படித்தவன். மருந்து கலந்த விதைநெல் பக்கம் கோழியை விடாதீர்கள் என்று ஊருக்கே உபதேசம் செய்பவன். அன்று விதைத்துவிட்டு வந்த நான், பழக்க தோஷத்தில் காலிச் சாக்கை வாசலில் உதறிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். சாக்கின் மூலையில் ஒரு கைப்பிடி நெல் இருந்திருக்கிறது. திரும்பி வந்தால், மிட்டாய் அதைப் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கிறது! சற்று நேரத்தில் அதன் கழுத்து தொய்ந்தது. மகள் ஓவென்று அழுதாள். கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். வெளியூரில் இருப்பதாகவும், வர மதியமாகும் என்றும் சொன்னார்.

அழுகை கேட்டு, முன்பே நாற்று விட்டிருந்த பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர் சேற்றுக் கையோடு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கோழியின் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

“நெல்லு இன்னும் மேலதான் நிக்குது. புது பிளேடு, ஊசி நூலு, சுடுதண்ணி கொண்டாங்க தம்பி.”

சோப்புப் போட்டுக் கை கழுவினார். கோழியைப் பிடித்திருந்த நான், பிளேடைப் பார்த்ததும் அதைக் கீழே விடப் பார்த்தேன்.

“நீங்க தள்ளி நில்லுங்க. பாப்பா, நீ புடிம்மா.”

மகள் அழுகையை நிறுத்திவிட்டுப் பிடித்தாள். அக்கா கழுத்துக்குக் கீழே இறகைப் பிய்த்து, இரண்டு விரற்கடை கீறி, நெல்லை வழித்தெடுத்துக் கழுவினார். உள்பையைத் தனியாக, மேல்தோலைத் தனியாகத் தைத்தார். “சேத்துத் தச்சா ஒட்டிக்கும், எரை எறங்காது” என்று சொல்லிக்கொண்டே மஞ்சளை அப்பினார். மிட்டாய் மகளின் முகத்தையே பார்த்தபடி கிடந்தது. நான்தான் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

மதியம் வந்த மருத்துவர் தையலைப் பார்த்துவிட்டு, “யாருங்க போட்டது? நான் போட்டாலும் இப்படித்தான் போட்டிருப்பேன்” என்றார். மூன்றாம் நாள் மிட்டாய் எழுந்து குருணை கொத்தியது.

“உங்களுக்கு என்னக்கா செய்யட்டும்?” என்று கேட்டேன். “அடை வச்சா, பாப்பா கையால ஒரு குஞ்சு குடுக்கச் சொல்லுங்க” என்றார். மகள் ஒரு ஜோடியாகவே கொடுத்தாள்.

அந்த அக்கா பல வருடம் எங்கள் வயலிலும் நட்டிருக்கிறார். நாற்றை எவ்வளவு ஆழத்தில் வைக்க வேண்டும் என்று வரப்பில் நின்று அவருக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த விரல்களுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தோமே என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது. இப்போதெல்லாம் நடவு அன்று நான்தான் அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.